யூரின் ரிப்போர்ட் முழுக்கப் பாசிட்டிவ், டாக்டர் மட்டும் வாய் திறக்கவில்லை: என்39.0 போடலாமா?

செப்டம்பர் 3, 2024 (கேள்வி)

மெடிக்கல் கோடர் நான், டாக்டர் சார்ட்டில் எழுதும் நோயை இன்சூரன்ஸுக்கான குறியீடாக, அதாவது கோடாக, மாற்றுவது வேலை. இப்போது ஒரு அமெரிக்க அர்ஜென்ட் கேர் சார்ட். 34 வயதுப் பெண், இரண்டு நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல். யூரினாலிசிஸில் லூக்கோசைட் எஸ்டரேஸ் 2+, நைட்ரைட் பாசிட்டிவ், வெள்ளணுக்கள் 20–30. அசெஸ்மென்ட்டில் 'டிஸ்யூரியா, அப்நார்மல் யூரினாலிசிஸ்', அவ்வளவுதான். பிளானில் நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக், 100 மி.கி. தினம் இரண்டு வேளை, 5 நாள். நான் யூடிஐக்கு, அதாவது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு, உள்ள என்39.0 போட்டேன், எங்கள் வேலையைச் சரிபார்க்கும் கியூஏ எரர் அடித்துவிட்டார்கள். யூடிஐ இல்லை என்றால் அந்த மாத்திரை எதற்கு, தலைவலிக்கா? எரரை மறுத்து ரிபட்டல் போடலாமா?

செப்டம்பர் 3, இரவு 11.50 (பதில்)

போடாதீர்கள் தம்பி, தோற்பீர்கள். அந்தப் பெண்ணுக்கு இருப்பது யூடிஐ என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எரர் அடித்த கியூஏவுக்கும் தெரியும், மாத்திரை எழுதிய டாக்டருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் அவர் எழுதவில்லை. எழுதாத நோய்க்குக் கோடு கிடையாது. எரிச்சலுக்கு ஆர்30.0 போடுங்கள், அத்துடன் பஸ் செல் (சீழணு) நிறைய இருப்பதால் பையூரியாவுக்கு ஆர்82.81, நைட்ரைட்டுக்கு ஆர்82.79. மருந்தை வைத்து நோயைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை. நமக்கு அதற்குச் சம்பளம் இல்லை.

செப்டம்பர் 4, காலை 6.15

நேற்று எழுதியதில் பாதி தப்பு. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. "டாக்டர் எழுதாததைப் போடாதே" என்று உபதேசம் செய்துவிட்டு அடுத்த வரியிலேயே லேப் எண்ணைப் பார்த்து ஆர்82.81 போடச் சொல்லியிருக்கிறேன். பையூரியா என்ற சொல்லையும் அந்த டாக்டர் எழுதவில்லையே. அவர் எழுதியது 'அப்நார்மல் யூரினாலிசிஸ்'. அதற்கு ஆர்82.90, குறிப்பிடப்படாத சிறுநீர் மாறுபாடு. ஆக ஆர்30.0, ஆர்82.90, இரண்டோடு முடிந்தது.

நைட்ரைட்டுக்கு ஆர்82.79 என்றது அதைவிடக் கேவலம். ஆர்82.7 வரிசை நுண்ணுயிரிப் பரிசோதனையில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில், தெரிவதற்கு. நைட்ரைட் என்பது குச்சியில் நிறம் மாறும் ரசாயனம். ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், அதற்கும் சிறுநீர் பையில் சில மணி நேரம் தங்க வேண்டும். என்டரோகாக்கஸ் அந்த வேலையே செய்யாது, அது இருந்தால் நைட்ரைட் நெகட்டிவாகவே வரும். இதையெல்லாம் நாலு வருஷம் கையால் செய்த நானே இப்படி எழுதினால், பி.பி.டி. (பிசியோதெரபி) முடித்து நேரே கோடிங்குக்கு வரும் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

செப்டம்பர் 5, இரவு

"நாலு வருஷம் கையால் செய்தீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம். சென்னைக்கு வருமுன் கும்பகோணத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். காலை ஆறரைக்கெல்லாம் மேஜையில் டப்பாக்கள் வரிசை கட்டும். குச்சியை முக்கி நிறம் பார்ப்பது, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடியில் தங்குவதில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது, 'பஸ் செல்ஸ் 4–6' என்று பேனாவால் எழுதுவது, அதுதான் வேலை. ஒரு பெரியவர் ரிப்போர்ட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏம்மா, என் மூத்திரத்துல பஸ் ஓடுதுன்னு எழுதியிருக்கியே, எந்த ரூட்டு?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டாரா தெரியாமலா என்று இன்றுவரை புரியவில்லை. சீழ் என்று தமிழில் எழுதியிருந்தால் பயந்திருப்பார்.

அந்த லேபில் கற்ற ஒரு விஷயம் கோடிங்கில் இன்றும் உதவுகிறது. ரிப்போர்ட்டில் பஸ் செல்லை மட்டும் பார்க்கக் கூடாது, பக்கத்திலேயே இருக்கும் எபிதீலியல் செல்லையும் பார்க்க வேண்டும். தோல் செல்கள் ஏராளமாக இருந்தால் அந்தச் சிறுநீர் வரும் வழியிலேயே மற்றதையும் வாரிக்கொண்டு வந்திருக்கிறது, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்புறம் நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜ். வெயிலில் கிடந்தால் கிருமி பெருகும், செல்கள் உடையும், சிறுநீரகக் குழாயின் அச்சாக வரும் காஸ்ட் கரையும். ரிப்போர்ட்டில் இருப்பது நோயாளியின் சிறுநீரா, நோயாளியின் டப்பாவில் காலை முழுக்க வளர்ந்த பண்ணையா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டர் எழுத வேண்டும் என்ற விதி எனக்கு எரிச்சல் தராததற்கு இதுதான் காரணம். எண்ணுக்கு நோயாளியைத் தெரியாது.

செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை தின்றுகொண்டே எழுதுகிறேன். அமெரிக்கனுக்கு ஏது சதுர்த்தி, மாலையில் ஷிஃப்ட் இருக்கிறது.

கேள்வி கேட்டவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை, "அப்படியானால் லேப் ரிப்போர்ட்டை எதற்குச் சார்ட்டில் வைக்கிறார்கள்" என்கிறார். நியாயமான கோபம். சரி, தலைகீழ் கேஸைப் பாருங்கள். உள்நோயாளி சார்ட். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் 'யூடிஐ' என்று எழுதியிருக்கிறார். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. வெள்ளணு 0–2. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. இப்போது என்ன செய்வீர்கள்?

என்39.0 போட்டுத்தான் ஆக வேண்டும். நாம் கோடு எடுக்கும் அமெரிக்கப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மின் வழிகாட்டியில் முதல் பிரிவின் 'ஏ'யில் 19ஆவது விதி, 2016 அக்டோபரில் வந்தது: நோய் இருக்கிறது என்ற டாக்டரின் கூற்றே போதும், மருத்துவ அளவுகோலை வைத்துக் கோடர் தீர்ப்பு சொல்லக் கூடாது. உங்கள் அர்ஜென்ட் கேர் சார்ட்டில் லேப் கத்தியும் போட முடியவில்லை. இங்கே லேப் மறுத்தும் விட முடியவில்லை. நமக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது.

இது சும்மா எழுத்து விவகாரம் இல்லை, பணம் இருக்கிறது. அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேர், கேஸ்களை வகை பிரித்து வகைக்கு ஒரு தொகை தரும் டிஆர்ஜி கணக்கில் என்39.0 ஒரு 'சிசி', அதாவது கூடவே இருக்கும் சிக்கல். வேறு சிசி எதுவும் இல்லாத சார்ட்டில் அது ஏறினால் சில டிஆர்ஜிகளில் ஆஸ்பத்திரிக்கு வரும் தொகை கூடும். ஆர்82.71 பாக்டீரியூரியாவோ (சிறுநீரில் கிருமி) ஆர்82.81 பையூரியாவோ சிசி இல்லை. ஒரே டப்பாச் சிறுநீர், டாக்டர் தேர்ந்தெடுக்கும் சொல்லைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. அதனால்தான் ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸ்காரன் கல்ச்சரைக் காட்டி "இது யூடிஐயே இல்லை" என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறான். அப்போது யாரும் 19ஆவது விதியைப் பேசுவதில்லை, "கோடர் ஏன் கவனிக்கவில்லை" என்றுதான் மெயில் வருகிறது. கவனித்தோம் ஐயா. எஸ்கலேட் செய்யலாம், தூக்கி எறிய உரிமை இல்லை.

செப்டம்பர் 8

யூரோசெப்சிஸ் பற்றி ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லுக்கு ஐசிடி-10-சிஎம்மில் கோடே கிடையாது, பாதுகாப்பான இயல்புக் கோடும் இல்லை. டாக்டரைக் கேட்டாக வேண்டும். பழைய ஐசிடி-9 பட்டியல் காலத்தில் இண்டெக்ஸ் அதை 599.0க்கு, சாதாரண யூடிஐக்குக் கொண்டுபோய்விடும். அந்தக் காலத்துக் கை சிலருக்கு இன்னும் அப்படியே போகிறது. ஒரு சொல்லை ரத்தத்தில் பரவிய தொற்றாகவும் எடுக்கலாம், சாதாரண எரிச்சலாகவும் எடுக்கலாம் என்றால் ஊகிக்காமல் இருப்பதே உத்தமம்.

செப்டம்பர் 12, இரவு ஷிஃப்டுக்கு முன்

"டாக்டரைக் கேளுங்கள்" என்று சுலபமாக எழுதிவிட்டேன், கேட்பது எப்படி என்று சொல்லவில்லை. உங்கள் ப்ராஜெக்டில் குவெரி, அதாவது டாக்டருக்கு எழுத்தில் கேள்வி, அனுப்ப வழியே இல்லையென்றால், பலதில் இல்லை, உள்ளதை வைத்துப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். இருந்தால், என் முதல் குவெரியை நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது இதுதான்: "நோயாளிக்கு நைட்ரைட் பாசிட்டிவ், ஆன்டிபயாடிக் கொடுத்துள்ளீர்கள், தயவுசெய்து யூடிஐ என்று சேர்க்கவும்."

டீம் லீடர் என்னை எழுப்பி நிற்க வைத்து மொத்த டீமும் கேட்கப் படித்தார். அப்போது அவமானமாக இருந்தது. அவர் சொன்னது சரி. பதிலை நீயே வாயில் ஊட்டிவிட்டு அவர் சொன்னதாகக் கணக்குக் காட்டுவதற்குப் பெயர் லீடிங் குவெரி. அமெரிக்க மருத்துவ ஆவணத் துறைச் சங்கங்களான அஹிமாவும் அக்டிஸும் சேர்ந்து போட்டிருக்கும் குவெரி நெறிகள் இதைத்தான் தடுக்கின்றன. சார்ட்டில் உள்ள அறிகுறி, லேப், மருந்து மூன்றையும் அப்படியே எடுத்து வை. எந்த நிலைக்காக இந்த மருந்து என்று கேள். தெரிவுகள் கொடுப்பதானால் மருத்துவ ரீதியாகப் பொருந்துபவற்றைக் கொடு, 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற இரண்டையும் சேர். பணம் கூடும் குறையும் என்று ஒரு எழுத்தும் வரக் கூடாது.

இப்படி அழகாக எழுதி அனுப்பினால் என்ன பதில் வரும் தெரியுமா? "சீ நோட்." அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தானே ஐயா கேட்டேன்.

செப்டம்பர் 15

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 5ஆம் தேதி எபிதீலியல் செல்லைப் பற்றிப் பெரிய மனுஷி மாதிரி எழுதினேன் அல்லவா.

போன மாதம் அம்மா ஊரில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கு 67 வயது. யூரினில் 'பஸ் செல்ஸ் 8–10'. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் 5 நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். அம்மா போன் பண்ணி, "எனக்கு எரிச்சலும் இல்ல கடுப்பும் இல்ல, எதுக்குடி மாத்திர?" என்று கேட்டாள். நான் அப்போது லாகின் நேரத்தில் இருந்தேன். "டாக்டர் சொன்னா போட்டுக்கம்மா" என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த வரியிலேயே இருக்கிறது, 'எபிதீலியல் செல்ஸ் ப்ளென்டி'. எந்த ஃப்ரெஷராவது இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் நான் பக்கம் பக்கமாக ஃபீட்பேக் எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 15, கொஞ்ச நேரம் கழித்து

பலரும் அந்த டாக்டரைத் திட்டுகிறார்கள். வேண்டாம். நாளைக்கு நூறு பேரைப் பார்ப்பவர், தாளில் நட்சத்திரக் குறி போட்ட வரியைப் பார்த்திருப்பார். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி. அறிகுறியே இல்லாதபோது சிறுநீரில் கிருமி தெரிந்தாலும் மருந்து தேவையில்லை என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையின் உட்சவ்வு கீறுபடும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இப்படிச் சும்மா இருக்கும் கிருமி சகஜம். அம்மாவுக்குக் கிருமியா என்றுகூடத் தெரியாது, கல்ச்சரே எடுக்கவில்லை. சீழணு மட்டும்தான். கோடாகச் சொன்னால் ஆர்82.81. என்39.0 இல்லை. என்39.0க்குக் கீழேயே பையூரியாவை 'எக்ஸ்க்ளூட்ஸ் 1' என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குப் பொருந்தாது என்று பொருள். 2019 அக்டோபரில் பையூரியாவுக்குத் தனிக் கோடு வந்தபோது "இதெல்லாம் ஒரு கோடா" என்று சிரித்தவள் நான்.

செப்டம்பர் 18

குழாய் போட்ட நோயாளிகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், சுருக்கமாக.

கதீட்டர் இருக்கிறது, யூடிஐ இருக்கிறது, இரண்டும் சார்ட்டில் இருக்கின்றன என்பதற்காக டி83.511ஏ போட்டுவிடாதீர்கள். கதீட்டரால் வந்தது என்று டாக்டர் இணைத்து எழுத வேண்டும். இதில் கை வைத்தால் சூடு அதிகம். ஆஸ்பத்திரியில் வந்த கதீட்டர் தொற்றுக்குக் கூடுதல் பணம் தரமாட்டேன் என்று மெடிகேர் 2008 அக்டோபரிலிருந்தே சொல்லிவிட்டது. ஆகவே சேர்க்கும்போதே இருந்ததா என்ற பிஓஏ குறி முக்கியம். ஒய், என், யூ, டபிள்யூ என்று நாலு எழுத்து. முதல் நாள் எடுத்த சிறுநீரிலேயே சீழ் இருந்தும் டாக்டர் நாலாம் நாள்தான் யூடிஐ என்று எழுதினால் நீங்களாக 'ஒய்' (இருந்தது) போடக் கூடாது, கேட்க வேண்டும். மறுபடியும் கேட்க வேண்டும். மறுபடியும் "சீ நோட்".

செப்டம்பர் 21

சேலத்து நண்பர் ஒருவர், "அக்கா ஆர்82ஐ விட்டு வெளியே வாங்க" என்கிறார். வருகிறேன்.

எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி மாமா போன வாரம் லிஃப்டில் வைத்து மறித்தார். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதாம், யூரினில் மட்டும் 4+. முகம் வெளுத்திருந்தது. என்ன மாத்திரை என்று கேட்டேன், டாபாகிளிஃப்ளோசின். அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதுதான். 4+ வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். இந்த மாமாவின் சார்ட் நம்மிடம் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர் ஆர்81 கிளைக்கோசூரியா போடுவார். டாக்டர் அதைப் பொருட்படுத்தி எழுதாதவரை தேவையே இல்லை. அசாதாரண லேப் முடிவுகளை, அவற்றுக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு என்று டாக்டர் சுட்டாவிட்டால் போடாதே என்று உள்நோயாளி விதியில் இருக்கும் வரி இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

இதே மாதிரி ரத்தம். குச்சியில் ரத்தம் 3+, மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு 0–2. புதியவர்கள் ஹெமச்சூரியா (சிறுநீரில் ரத்தம்) என்று ஆர்31க்கு ஓடுவார்கள். குச்சிக்குச் சிவப்பணுவைத் தெரியாது, ஹீமோகுளோபினையும் தசையிலிருந்து வரும் மயோகுளோபினையும் ஒன்றாகத்தான் பார்க்கும். நான் ஆடிட் செய்த ஒரு சார்ட்டில் ஜிம்மில் அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்த பையன், சிறுநீர் கோலா நிறம். முதல் நாள் நோட்டில் 'ஹெமச்சூரியா' என்று ஒட்டியிருந்தது, மூன்றாம் நாள் 'ராப்டோமயோலிசிஸ்' (தசைச் சிதைவு) என்று எம்62.82க்கு வந்தது. முதல் நோட்டோடு நின்றிருந்தால் கதையே வேறு. அமெரிக்க சிறுநீரியல் சங்கம்கூட 2020 வழிகாட்டியில், குச்சியை மட்டும் நம்பி மைக்ரோஹெமச்சூரியா என்று சொல்லாதே, மைக்ரோஸ்கோப்பில் ஒரு புலத்துக்கு 3 சிவப்பணுவாவது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பீட்ரூட் தின்று சிவப்பாய்ப் போனவர்கள் தனி ரகம். நிற மாற்றத்தை டாக்டரே குறிப்பிட்டு எழுதினால் அதற்கு ஆர்82.91 இருக்கிறது.

புரதம் பற்றி ஒரு வரி: கர்ப்பிணி சார்ட்டில் ஆர்80.9 போடுமுன் 15ஆம் அத்தியாயத்தைத் திறவுங்கள். அங்கே ஓ12.1 வரிசை காத்திருக்கிறது, கர்ப்ப காலக் கோடுகளுக்குத்தான் முன்னுரிமை.

செப்டம்பர் 24

பேச்சு எங்கோ போய்விட்டது, இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃப்ளோரில் பி.எஸ்.எம்.எஸ். படித்த ஒரு பெண் இருக்கிறாள், நல்ல கோடர். சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இருப்பதை அவள்தான் விளக்கினாள். காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட வேண்டும். பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி விரிந்தால் பித்தம், முத்து மாதிரி நின்றால் கபம். "எங்களுக்கு லேபும் டாக்டரும் ஒரே ஆள் அக்கா, குவெரியே வேண்டாம்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கென்று ஒரு தொகுதி வெளியிட்டது, இனி எண்ணெய்ச் சொட்டுக்காரர்களுக்கும் ஆடிட்டர் வருவார் என்று பதிலுக்குப் பயமுறுத்தினேன்.

அவளுக்கும் எனக்கும் பிடித்த கோடு ஒன்றேதான், ஆர்82.0, கைலூரியா. பால் மாதிரி வெள்ளையாகப் போகும் சிறுநீர். இத்தனை வருஷத்தில் ஒரு அமெரிக்க சார்ட்டில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் லேபில் பார்த்திருக்கிறேன், இரண்டு முறை. காவிரிப் படுகையில் யானைக்கால் இருந்த ஊர்கள் உண்டு, அந்தப் புழு நிணநீர்க் குழாயை அடைத்தால் இப்படி ஆகும். புழுவால் வந்ததென்றால் ஆர்82.0 போடக் கூடாது, பி74க்குப் போ என்று கோடு புத்தகம் சொல்கிறது. நான் டப்பாவில் பார்த்தவர்களுக்கு அப்போது எந்தக் கோடும் இல்லை, ரிப்போர்ட்டில் 'மில்க்கி' என்று எழுதி ஒரு கோடு கிழித்தேன்.

அக்டோபர் 1

புது வருஷம். ஊர் உலகத்துக்கு ஜனவரி, நமக்கு இன்று. புதுப் பட்டியல் இன்றிலிருந்து, பழைய தேதி சார்ட்டுக்குப் பழையது, டிஸ்சார்ஜ் தேதியைப் பார்க்காமல் போட்டு முதல் வாரம் முழுக்க எரர் வாங்குவது மரபு.

2015 அக்டோபர் 1 இரவு ஞாபகம் வருகிறது. ஐசிடி-9இலிருந்து 10க்கு மாறிய நாள். சுமார் 14,000 கோடுகளோடு குடும்பம் நடத்தியவர்கள் கையில் ஒரே இரவில் சுமார் 69,000. எனக்கு மனப்பாடமாக இருந்த 599.0 போய் என்39.0 வந்தது. முதல் வாரம் பாதிப் பேர் பழைய எண்ணைத் தட்டிவிட்டு சாஃப்ட்வேர் கத்துவதைக் கேட்டு விழித்தோம். பக்கத்து சீட் பெண், "எல்லாரும் 'என்' 39, 'என்' 39னு சொந்தம் கொண்டாடுறீங்களே, என்னோடதுனு ஒண்ணாவது விடுங்க" என்றாள். அன்றைக்கு அது பெரிய ஜோக்.

அக்டோபர் 6

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். நான் வேண்டாம் என்றும் ரிபட்டல் போட்டிருக்கிறார், தோற்றிருக்கிறார். ஆனால் ஒரு திருப்பம்: கிளையன்ட் பக்கத்திலிருந்து அந்த டாக்டருக்குக் குவெரி போயிருக்கிறது. பதில் வந்து, நோட்டில் 'அக்யூட் சிஸ்டைட்டிஸ்', அதாவது சிறுநீர்ப்பை அழற்சி, என்று அடெண்டம் (பின்சேர்க்கை) சேர்த்திருக்கிறார். ரத்தம் உண்டா இல்லையா என்று பார்த்து என்30.00 அல்லது என்30.01.

ஆக என்39.0 கடைசிவரை தப்புதான் தம்பி. நோய் உறுதியான பிறகும் தப்பு. சிறுநீர்ப்பை என்று இடம் சொன்னபின் இடம் சொல்லாத கோடு எதற்கு? எரிச்சலுக்கு ஆர்30.0உம் இனி வேண்டாம், நோயோடு இயல்பாக வருவது. நான் சொன்ன ஆர்82.90உம் போய்விட்டது. நீங்கள், நான், இருவர் போட்டதும் இல்லை. உங்கள் எரர் மட்டும் அப்படியே நிற்கிறதாம். அதற்கு நான் என்ன செய்ய, துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 12

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தேன். அம்மாவிடம் அன்றைக்கு எப்படி சாம்பிள் கொடுத்தாய் என்று விசாரித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கே வீட்டில் பிடித்து, டப்பாவைப் பையில் போட்டு, பூ வாங்கிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி, வழியில் கோவிலுக்குப் போய்விட்டு ஒன்பதரைக்கு லேபில் கொடுத்திருக்கிறாள். நாலரை மணி நேரம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். நான் சொல்லியிருக்கலாம். அந்த வேலைதான் நாலு வருஷம் பார்த்தேன்.

வயிற்றுக்கோளாறு சரியாகிவிட்டது, மறுபடி பார்க்கவே தேவையில்லை என்றேன். அவள்தான் கேட்கவில்லை. வியாழக்கிழமை நானே லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடி என்று சொல்லி, அங்கேயே கொடுக்க வைத்தேன். பஸ் செல்ஸ் 2–3, எபிதீலியல் 1–2. வாசித்துக் காட்டினேன்.

"போன தடவ எட்டு பத்து இருந்துச்சே?"

"இப்ப ரெண்டு மூணுதாம்மா."

"ஆயுத பூஜைக்கு ஊர் ஊருக்கு ஸ்பெஷல் பஸ் விடுறான், எனக்கு மட்டும் குறைச்சுட்டானா?" என்று கேட்டுவிட்டுப் பொரியில் கடலையைத் தேட ஆரம்பித்தாள்.